கட்டுமரம்: சொல் சென்ற வழியும் பொருள் நின்ற கரையும்

நெய்தல் நிலத்தைப் பாடிய சங்கப் புலவர்கள், நீரில் செல்லும் கலங்களை ஒரே பெயரால் சுட்டி அமையவில்லை. திமில், அம்பி, தோணி, புணை, வங்கம், நாவாய் என, கலத்தின் அளவுக்கும் அது செய்யும் தொழிலுக்கும் ஏற்பப் பெயர்கள் பல வழங்கின. மீன் வேட்டைக்குச் செல்லும் பரதவரின் கலம் திமில் எனப்பட்டது. பெருங்கடல் கடந்து வாணிகம் செய்த கலங்கள் வங்கம் எனவும் நாவாய் எனவும் பெயர் பெற்றன. இச்சொற்களுள் பல இன்று உரைநூல்களிலும் நிகண்டுகளிலும் மட்டுமே உயிர் வாழ்கின்றன. ஆனால் புலவர் அவையில் பெரிதும் இடம்பெறாத ஒரு மீனவச் சொல், உலகக் கடல்கள் அனைத்தையும் சுற்றி வந்திருக்கிறது. அதுவே கட்டுமரம்.

ஹவாயிலும் ஆஸ்திரேலியாவிலும் கரீபியத் தீவுகளிலும் கரையழகையும், துள்ளும் ஓங்கில்களையும், நீரில் மிதந்து வரும் ஆமைகளையும் காண விரும்பும் பயணிகளை ஏற்றிச் செல்லும் உல்லாசப் படகு 'கேட்டமரான்' எனப்படுகிறது. அச்சொல் தமிழ் என்பதை ஆங்கில அகராதிகள் மறைப்பதில்லை. எனினும் அச்சொல் எவ்வாறு சென்றது, சென்றபோது எதை உடன்கொண்டு சென்றது, எதைக் கரையிலேயே விட்டுச் சென்றது என்னும் வினாக்களுக்கு விடை காண, இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் வடசென்னைக் கடற்கரையின் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

கட்டும் மரமும்

கட்டுமரம் என்பதற்குக் கட்டப்பட்ட மரம் என்பதே பொருள். எடை குறைந்த மரத்துண்டுகளைச் செதுக்கி, நடுமரம் சற்றே தாழவும் பக்கமரங்கள் சற்றே உயரவும் அடுக்கி, கயிற்றால் பிணைத்தால் கலம் ஆயத்தமாகிவிடும். மூன்று மரங்கள் முதல் ஏழு மரங்கள் வரை அமைவது உண்டு. ஆணிக்கு இதில் இடமில்லை. முன்புறம் அணியம், பின்புறம் அமரம். மீனவர் பேச்சில் இது 'மரம்' என்றே சுருங்கி வழங்கும்.

இக்கலத்தின் எளிமை அறியாமையின் விளைவன்று. சோழமண்டலக் கடற்கரை நெடுகிலும் இயற்கைத் துறைமுகங்கள் அரியவை. அலைகள் கரையை நெருங்குமுன்பே வரிசை வரிசையாய் உடைந்து விழும். உட்குழிவான படகில் நீர் புகுந்தால் அது மூழ்கும். கட்டுமரத்திலோ நீர் தங்குவதற்கு உட்குழிவே இல்லை. ஏறிய நீர் மரங்களின் இடைவெளி வழியே வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் மூழ்காது, மீண்டும் நிமிர்த்தி ஏறிக்கொள்ளலாம். கரை திரும்பியதும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் உலர விடுவர். ஊறிய மரம் கனத்துவிடும் என்பதே இதற்குக் காரணம். ஆகவே கட்டுமரத்திற்குக் கடல் எவ்வளவு இன்றியமையாததோ, அவ்வளவு இன்றியமையாதது மணற்கரை. இவ்வுண்மை பின்னர் வரும் வரலாற்றுக்குத் திறவுகோலாகும்.

சென்னை மாகாண மீன்வளத்துறையின் இயக்குநராய் விளங்கிய ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வடிவங்களின் தோற்றம் குறித்து 1920இல் வெளியிட்ட ஆய்வில் கட்டுமரங்களைத் தக்கவாறு விரித்துரைத்துள்ளார். கரைக்குக் கரை மரங்களின் எண்ணிக்கையும் அமைப்பும் வேறுபடுவதை அவர் பதிவு செய்தார். நாகைப் பகுதியில் பறவைக்கோலா மீனைப் பிடிக்கச் செல்லும் பெரிய மரத்திற்குக் கோலாமரம் எனத் தனிப்பெயரே இருந்தது.

துறைமுகம் இல்லாத பட்டினம்

1639இல் கிழக்கிந்தியக் கும்பினியார் சென்னையில் இடம் பெற்றபோது, அங்குத் துறைமுகம் என்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லை. ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுக் காலம், கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நின்றன. பண்டங்களையும் பயணிகளையும் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். பலகைகளை ஆணியின்றிக் கயிற்றால் தைத்து இணைத்த அப்படகுகள், அலை மோதும்போது உடையாமல் நெளிந்து கொடுத்தன. அவற்றுக்குத் துணையாகச் சென்றவை கட்டுமரங்கள்.

படகு கடலில் இறங்க இயலாத நாள்களிலும் கட்டுமரம் சென்றது. கரைக்கும் கப்பலுக்கும் இடையே மடல்களைக் கொண்டு சென்றோர் கட்டுமரக்காரர்களே. ஓலையால் முடைந்த கூர்ந்த தொப்பிக்குள் மடலைச் செருகித் தலையில் அணிந்துகொள்வர். உடல் முழுதும் நனைந்தாலும் மடல் நனையாது. படகு கவிழ்ந்தால் நீரில் விழுந்தோரை மீட்பதும் அவர்கள் கடமை. உயிர் காத்தவர்க்குப் பதக்கம் அளிக்கும் வழக்கமும் இருந்தது. கோட்டையின் வாணிகக் கணக்குகள் பெரியவை. ஆனால் அக்கணக்குகள் கரை ஏறியது இம்மக்களின் தோள்வலியால் என்பது நினையத்தக்கது.

இப்படகோட்டிகளின் குடியிருப்பாய் வளர்ந்ததே இராயபுரம். பேதுருவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கிய பெயர் இராயப்பர். கலிலேயக் கடலில் வலை வீசிய மீனவரான அவர் பெயரால், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் படகோட்டிச் சமூகத்தார் எழுப்பிய ஆலயம் இன்றும் அங்கு உள்ளது. 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் இராயபுரத்திலிருந்தே தொடங்கியது. கடல்வழியாக வந்த பண்டம் உள்நாடு செல்ல, படகோட்டியின் வாசலிலேயே நிலையம் அமைந்தது எனலாம்.

சொல்லின் பயணம்

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகைச் சுற்றிய ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர், 1697இல் வெளியான தம் பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பெயர் கூறிக் குறிப்பிட்டார். ஓரிரு மரங்களால் ஆனதும், ஒருவர் மட்டுமே அமர்ந்து செல்வதும், அமர்ந்தவர் கால்கள் நீரிலேயே கிடப்பதும் ஆகிய சிறு கலமாக அதனை அவர் கண்டார். அச்சொல் ஆங்கிலத்தில் நிலைபெற அந்நூல் பெரிதும் துணை செய்தது.

ஊர் விட்டு ஊர் சென்ற சொல் பொருளும் மாறியது. 1804இல் பிரெஞ்சுக் கரையிலிருந்த பூலோன் துறைமுகத்தைத் தாக்க ஆங்கிலேயர் பயன்படுத்திய மிதவை வெடிகளுக்குக் 'கேட்டமரான்' என்றே பெயரிட்டனர். சில ஆண்டுகள் கழித்து, சண்டையிடும் பெண்ணைக் குறிக்கும் இழிசொல்லாகவும் அது ஆங்கிலப் பேச்சில் வழங்கியது. சொல்லின் முதலசை பூனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ஒத்திருந்ததே இதற்குக் காரணம் என்பர். உயிர் காக்கும் மரத்தின் பெயர் உயிர் போக்கும் வெடிக்கும், பின் பெண்ணை இகழும் வசைக்கும் ஆகியது, சொற்பொருள் வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

இங்கே ஒரு கருத்தைத் தெளிவுபடுத்துதல் கடமையாகும். இன்று கேட்டமரான் எனப்படும் இரட்டை உடற்கலம் தமிழர் கண்டுபிடித்ததே எனச் சிலர் மேடைகளில் முழங்குவதுண்டு. இது பொருந்தாது. இரண்டு உடல்களைக் குறுக்குக் கட்டைகளால் இணைத்து, இடையே நீர் ஓட விடும் அமைப்பில் தேர்ந்தவர்கள் பசிபிக் பெருங்கடலின் பொலினீசிய மக்கள். ஆங்கிலேயரான வில்லியம் பெட்டி 1660களில் இரட்டை உடற்கப்பல்களைக் கட்டிச் சோதித்தார். அமெரிக்கரான நத்தானியேல் ஹெரஷாஃப் 1876இல் அமைத்த 'அமரில்லிஸ்' என்னும் இரட்டைப் படகு, நியூயார்க் பந்தயத்தில் பிற படகுகளை எளிதில் வென்றது. வென்றதனாலேயே அவ்வகைப் படகுகள் பந்தயத்திலிருந்து விலக்கப்பட்டன. 1947இல் ஹவாயில் உட்டி பிரவுன் முதலியோர் பொலினீசிய மரபைப் பின்பற்றிக் கட்டிய 'மானு காய்' என்னும் படகு, வைக்கீக்கிக் கரையில் பயணிகளை ஏற்றிச் சென்றது. இன்றைய உல்லாசப் படகுகளுக்கு அது ஒரு முன்னோடி.

ஆக, வடிவம் பசிபிக் கடலுடையது, பெயர் தமிழுடையது. ஒன்றுக்கு மேற்பட்ட மரங்களைப் பிணைத்த மிதவை என்னும் பொதுக்கருத்தே இரண்டையும் இணைத்தது. இல்லாத பெருமையைக் கோருவதால் உள்ள பெருமை மங்கும். தமிழ் மீனவரின் உண்மையான சாதனை, இரட்டை உடற்கலம் அன்று; உடையும் அலையை எதிர்க்காமல் தன்னூடே ஓடவிட்டு மேலே மிதக்கும் கலத்தை, கையில் கிடைத்த மரத்தாலும் கயிற்றாலும் அமைத்ததே ஆகும். அது எவரிடமும் கடன் கேளாத பெருமை.

மணல் போன கதை

சென்னைத் துறைமுகப் பணிகள் 1875இல் தொடங்கின. நிறைவுறும் தறுவாயில் 1881இல் வீசிய புயல் அவற்றைச் சிதைத்தது. மீண்டும் கட்டப்பட்ட துறைமுகம், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் மாற்றி அமைக்கப்பட்டது. கப்பல் கரையை அணைந்து நிற்கத் தொடங்கியதும் மசூலாப் படகுக்கும் மடல் சுமந்த கட்டுமரத்திற்கும் வேலை இல்லாமற் போயிற்று.

இழப்பு அத்துடன் நிற்கவில்லை. இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதியும் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும். சென்னை மீனவர் தெற்கிலிருந்து வரும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து வருவதை வன்னி என்றும் வழங்குவர். தெண்டியோடு வந்த மணலைத் துறைமுகச் சுவர் தடுத்தது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வராமல் கரை அரித்தது. நகரம் உலாவி மகிழும் பரந்த மணல்வெளியும், இராயபுரத்திலிருந்து வடக்கே கடல் விழுங்கிய குப்பங்களும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள். இவ்வுண்மை மெரினாவைப் பாடுவோர் மனத்தில் இருத்தற்குரியது.

அரிப்பைத் தடுக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. பின்னர்த் தூண்டில் வளைவுகளும் அமைந்தன. கல் வீட்டைக் காத்தது; ஆனால் மரத்தை இழுத்து ஏற்றவும் அவிழ்த்து உலர்த்தவும் இருந்த மணலைத் திரும்பத் தரவில்லை. காசிமேட்டில் அமைந்த மீன்பிடித் துறைமுகம் விசைப்படகுகளுக்கு ஏற்றதாயிற்று. கடல் வாணிகர் குடியில் பிறந்து அனைத்தையும் துறந்தவர் எனப் போற்றப்படும் பட்டினத்தார் அடங்கிய இடம் திருவொற்றியூர்க் கடலோரத்தில் உள்ளது. செல்வம் நிலையாமையைப் பாடிய அவருக்கு அருகிலேயே, கரையும் நிலையாதாயிற்று.

எண்ணூர்

எண்ணூர் ஒரு காலத்தில் படகுலாவுக்கும் மீனுணவுக்கும் சென்னை ஆங்கிலேயர் நாடிச் சென்ற ஊர். கொசத்தலையாறு கடலோடு கலக்கும் கழிமுகமும், வடக்கே பழவேற்காடு வரை விரியும் உப்பங்கழியும், அலையாத்திச் செடிகளும், கூழைக்கடாக்களும் அதன் செல்வம். சென்னையிலிருந்து எண்ணூருக்கு 1806 அளவில் வெட்டப்பட்ட கால்வாயே பின்னர் நீண்டு, 1876-78 பஞ்ச நிவாரணப் பணிக்குப்பின் பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர் பெற்றது.

1970இல் எண்ணூர் அனல் மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1994இல் வடசென்னை அனல் மின் நிலையம் வந்தது. 2001இல் எண்ணூர்த் துறைமுகமும், அதன்பின் காட்டுப்பள்ளித் துறைமுகமும் எழுந்தன. எண்ணூர் அனல் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. கழிமுகத்தில் படிந்த நிலக்கரிச் சாம்பல் அதனோடு போய்விடவில்லை. 2017 சனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதியதில் எண்ணெய் கசிந்து கரையெங்கும் படிந்தது. வாளிகளாலும் கைகளாலும் அதனை அள்ளினர். 2023 திசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துள் பரவியது. அதே மாத இறுதியில் அம்மோனியக் கசிவு ஊரை நள்ளிரவில் வெளியேறச் செய்தது. 2025 சனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. இழுவலைகளில் சிக்கி மூச்சுத் திணறியதே முதன்மைக் காரணமாகக் கூறப்பட்டது.

2022 சூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் சுற்றுலா தொடங்கியது. கடலிலிருந்து கரையைக் காண்பது இன்று விலை கொடுத்துப் பெறும் இன்பம். வடசென்னை மீனவனுக்கோ அது தொழிலின் கூறு. கரையிலுள்ள இரு அடையாளங்களை ஒரு கோட்டில் நிறுத்திப் பார்த்தே, அவன் தன் வலை கிடக்கும் இடத்தைக் கண்டறிந்தான். கோபுரமும் ஆலயமும் அடையாளமாய் இருந்த கரையில் புகைபோக்கியும் பாரந்தூக்கியும் வந்து சேர்ந்தன. அவனுக்குக் கரை காட்சி அன்று, எழுத்து.

மரம் போனபின்

1980களில் சென்னையில் இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், கட்டுமரத்திற்கு மாற்றாக, அலைவாய்க் கரையில் இறங்கவல்ல படகுகளை ஆராய்ந்தது. ஏற்ற மரம் கிடைப்பது அரிதாகி விலையும் ஏறியது. வெளிப்பொருத்து இயந்திரம் கட்டுமரத்திலும் ஏறியது. 2004 திசம்பர் 26இல் ஆழிப்பேரலை ஆயிரக்கணக்கான கலங்களை அழித்தபோது, நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகள். அவை விரைவானவை, கூடுதல் மீனும் ஆளும் ஏற்றவல்லவை. மீனவர் அவற்றை ஏற்றது இயல்பே. கட்டுமரத்தில் இடுப்பளவு நனைந்து உழைத்தவனிடம், பழைமையின் அழகுக்காக அதிலேயே தொடர்க எனக் கூற எவர்க்கும் உரிமையில்லை.

ஆயினும் கலம் மாறும்போது உடன் மறைவன பல. அணியம், அமரம் என்னும் சொற்கள் புதுப்படகிலும் ஒட்டிக்கொண்டன. மரம் தெரிதல், செதுக்கல், கட்டல் பற்றிய சொற்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. கட்டுவோன் கையோடு அவை போகும். வாடை, கொண்டல், கச்சான் என்னும் காற்றின் பெயர்களும், தெண்டி, வன்னி என்னும் நீரோட்டப் பெயர்களும் முதியோர் நாவில் இன்னும் உள்ளன. இளையோர் திசைகாட்டும் கருவியின் எண்களை நம்புகின்றனர்.

இதற்கிடையே, உலகம் சுற்றிய சொல் சுற்றுலா விளம்பரங்களின் வழியே தமிழுக்குத் திரும்பி வந்துள்ளது. 'கேட்டமரான் படகு' எனத் தமிழிலேயே எழுதப்படுகிறது. தன் வீட்டு வாசலில் வந்து நிற்கும் மகனை அடையாளம் காணாத தாயின் நிலை அது. கட்டுமரம் என்றே எழுதுவதா, இரட்டைப் படகு என வேறுபடுத்துவதா என்பது ஆராயத்தக்கது. முன்னைய வடிவம் வேறு, இன்றைய வடிவம் வேறு என்பதால், 'இரட்டைக் கட்டுமரம்' என்பது உண்மைக்கும் மரபுக்கும் ஒருங்கே பொருந்தும்.

சொற்களைக் காத்தல் புலவர்க்குரிய கடன். திமில் என்னும் சொல் இன்று வாழ்வது, நெய்தல் பாடிய புலவர் அதனைக் கரையில் நின்று கேட்டு எழுதியதனால். வடசென்னைக் குப்பங்களில் இன்னும் சொல்லப்படுவனவற்றைக் கேட்டு எழுதுவதற்கு, அம்முதியோர் வாழும் காலம் மட்டுமே எல்லை.