கொடிமலையில் நின்று பார்த்தால்



பள்ளி விடுமுறை வந்தால் தோட்டத்துக் குடும்பங்கள் பல பினாங்குக்குப் போவதுண்டு. தண்ணீர்மலை முருகனைக் கும்பிட்டுவிட்டு, ஆயர் ஈத்தாமில் மலை ரயில் ஏறிக் கொடிமலைக்குச் செல்வோம். குளிர்காற்று வாங்குவோம், படம் பிடித்துக்கொள்வோம், திரும்பிவிடுவோம். அந்த மலைக்கும் நமக்கும் உள்ள தொடர்பை இன்று சற்று ஆராய்வோம்.

கொடிமலை என்ற பெயர் எப்படி வந்தது? மலாய் மொழியில் அதனைப் புக்கிட் பெண்டேரா என்பார்கள். பெண்டேரா என்றால் கொடி. அக்காலத்தில் மலைமீது ஒரு கொடிக்கம்பம் இருந்தது. அதில் கொடி ஏற்றிக் கீழே உள்ளவர்களுக்குச் செய்தி தெரிவித்தார்கள். அந்தக் கம்பமே மலைக்குப் பெயராயிற்று.

1786ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். சில ஆண்டுகளிலேயே மலைக்குப் பாதை வெட்டப்பட்டது. கீழே பட்டணத்தில் வெயிலும் மலேரியாக் காய்ச்சலும் வாட்டின. ஆகவே வெள்ளைக்கார அதிகாரிகள் குளிர்ந்த மலையில் பங்களா கட்டிக்கொண்டார்கள்.

அவர்கள் மலைக்கு எப்படிப் போனார்கள்? சிலர் மட்டக்குதிரையில் போனார்கள். மற்றவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, ஆட்கள் தோளில் சுமந்து ஏறினார்கள். அந்நாளில் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளும் பினாங்கில் இருந்தார்கள். 1873ஆம் ஆண்டு வரை, சாலை போடுவது முதலிய கடின வேலைகளை அவர்கள் செய்தார்கள். பங்களாவில் தங்கிய கவர்னர்களின் பெயர்கள் புத்தகத்தில் உள்ளன. சுமந்தவர்கள், மண் வெட்டியவர்கள் பெயர்கள் எங்கே?

மலை ரயில் 1923ஆம் ஆண்டு ஓடத் தொடங்கியது. அதற்கு முன் செய்த ஒரு முயற்சி தோல்வியில் முடிந்தது. இரும்புக் கயிற்றின் இரு முனையிலும் ஒவ்வொரு பெட்டி. ஒன்று இறங்கும்போது மற்றொன்று ஏறும். இறங்கும் பெட்டியின் பாரம், ஏறும் பெட்டியை இழுக்க உதவும். முன்பு நடுவழியில் இறங்கி வண்டி மாற வேண்டும். 2011ஆம் ஆண்டு புதிய ரயில் வந்தபின் ஒரே வண்டியில் உச்சிக்குப் போய்விடலாம். அங்கே முருகன் கோயிலும் பள்ளிவாசலும் அருகருகே இருக்கின்றன.

இனி, ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்தில் நின்று கீழே பார்ப்போம். நேரே ஜார்ஜ் டவுன் பட்டணமும் துறைமுகமும் தெரிகின்றன. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறிய நம் முன்னோர்கள் பலர் முதலில் மிதித்த மலாயா மண் இதுவே. ரஜூலா கப்பலின் பெயரைக் கேள்விப்படாத தோட்டம் உண்டோ?

தென்கிழக்கே, பினாங்குப் பாலத்திற்கு அப்பால், ஜெரஜாக் தீவு இருக்கிறது. தொற்றுநோய் பரவாமலிருக்க, வந்தவர்களை அங்கே தடுத்து வைத்தார்கள். ஊரை விட்டு வந்தவர்களுக்கு, வேலைக்குப் போகும் முன்பே அத்தீவில் காத்திருப்பு.

கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தும் பிறையும். அப்பகுதியின் கரும்புத் தோட்டங்களில் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தார்கள். அந்த ஒப்பந்த முறை 1910ஆம் ஆண்டு ஒழிந்தது. பின்னர் ரப்பர் வளர்ந்தது. கங்காணிகள் ஊர் ஊராகச் சென்று ஆள் சேர்த்து வந்தார்கள். 1938ஆம் ஆண்டு இந்திய அரசாங்கம் கூலியாட்களை அனுப்புவதை நிறுத்தியது.

ஆக, துறைமுகம், தீவு, தோட்டம் என நம் முன்னோர் கடந்த வழி முழுவதும் ஒரே பார்வையில் அடங்கிவிடுகிறது.

பெற்றோர்களே, அடுத்த முறை போகும்போது பிள்ளைகளுக்கு இவ்விடங்களைச் சுட்டிக்காட்டுங்கள். இன்று பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. கப்பலில் வந்தவர்களில் பெரும்பாலோர் மறைந்துவிட்டார்கள். வீட்டில் பழைய டிரங்குப் பெட்டி இருந்தால் திறந்து பாருங்கள். சூரா, பாஸ்போர்ட்டு, கப்பல் சீட்டு எதுவானாலும் பத்திரப்படுத்துங்கள். எந்த ஊர், எந்தக் கப்பல், எந்தத் தோட்டம் என்று பெரியவர்களைக் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். புத்தகத்தில் இல்லாத அந்தப் பெயர்களை நாம்தான் எழுத வேண்டும்.