துவெல் கிராமத்தின் 1946: தொடக்கமா, முடிவா?

பிரெஞ்சுப் பொருளியலாளர் ழான் ஃபூரஸ்தியே, போருக்குப் பிந்தைய முப்பதாண்டு வளர்ச்சியைப் பற்றி 1979-இல் வெளியிட்ட நூலை மதேர், செசாக் என்னும் இரண்டு ஊர்களை ஒப்பிட்டுத் தொடங்குகிறார். மதேரில் 534 பேர். அவர்களில் 208 பேர் விவசாயிகள். டிராக்டர் இரண்டு, கார் ஐந்து. செலவில் முக்கால் பங்கு சாப்பாட்டுக்கே போய்விடும். கசாப்புக்கடை இறைச்சி வாரத்துக்கு ஒருமுறைதான். செசாக்கில் 670 பேர். விவசாயிகள் 53 பேர் மட்டுமே. டிராக்டர் 40, கார் 280. ஒன்று வறுமையில் உழலும் ஊர், மற்றது வளமான ஊர் என்று வாசகர் முடிவுகட்டும் வேளையில் ஆசிரியர் உண்மையை உடைக்கிறார்: இரண்டும் ஒரே ஊர். தென்மேற்குப் பிரான்சில், கஹோர் நகருக்கு அருகே லொத் ஆற்றங்கரையில் உள்ள துவெல்தான் அது. முதலாவது 1946-இன் நிலை, அடுத்தது 1975-இன் நிலை.

இந்த ஒப்பீடு அன்று முதல் மேற்கோள் காட்டப்பட்டு வருகிறது. ஆனால் 1946-ஐத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டால், காலங்காலமாக மாறாமல் கிடந்த ஊர் ஒன்று திடீரென விழித்துக்கொண்டதுபோன்ற தோற்றம் உண்டாகிறது. துவெலின் நிலத்தோற்றமே இதை மறுக்கிறது.

லொத் ஆறு இங்கே பெரும் வளைவுகளாக ஓடுகிறது. வளைவின் உட்புறம் வண்டல் படிந்த மேடைநிலம். அதற்கு மேலே கோஸ் எனப்படும் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம். அங்கே மண் விரற்கடை ஆழம்தான். குட்டையான ஓக் மரங்களும் ஜூனிப்பர் புதர்களும் வளரும், ஆடு மேயும். அந்த மண்ணிலும் ஒருகாலத்தில் திராட்சை பயிரானது. நிலத்திலிருந்து பொறுக்கிய கற்களைக் கலவையின்றி அடுக்கி எழுப்பிய சுவர்களும் சிறு குடில்களும் இன்று புதருக்குள் மறைந்து கிடக்கின்றன. இத்தனை உழைப்பும் வீட்டுத் தேவைக்கான ஒயினுக்காக நடந்திருக்க முடியாது. வெளியே பெரிய சந்தை இருந்திருக்க வேண்டும்.

அந்தச் சந்தைக்கு வழி ஆறுதான். 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அமைச்சர் கொல்பேர் காலத்தில் தொடங்கிய பணிகளால் லொத் படகுப் போக்குவரத்துக்கு ஏற்றதாயிற்று. கபார் என்னும் தட்டையடிப் படகுகளில் கஹோர் ஒயின் போர்தோ துறைமுகம்வரை சென்றது. படகோட்டிகளும் பீப்பாய் செய்பவர்களும் நிறைந்த துறையாக இருந்தது துவெல். ஊருக்குள் காசு புழங்கியது. வெளியுலகச் செய்தி ஆற்றுவழியே வந்தது.

1869-இல் கஹோருக்கு ரயில் வந்ததும் படகுத் தொழில் நசித்தது. அடுத்த பத்தாண்டில் வேரைத் தின்னும் ஃபிலாக்சரா பூச்சி திராட்சைத் தோட்டங்களை அழித்தது. 1851-இல் ஏறத்தாழ 2,96,000 ஆக இருந்த லொத் மாவட்ட மக்கள்தொகை 1946-இல் ஏறத்தாழ 1,55,000 ஆகச் சுருங்கியது. ஃபூரஸ்தியே கண்ட மதேர், முக்கால் நூற்றாண்டுச் சரிவின் அடித்தட்டு. அந்த 208 விவசாயிகளுக்குப் பின்னால், படகும் பீப்பாயும் கைவிட்டுப் போன ஒரு வரலாறு இருக்கிறது.

பிந்தைய மீட்சியையும் எந்திரங்களின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. 1947-இல் பக்கத்து ஊரான பர்னாக்கில் ஒயின் கூட்டுறவு அமைப்பு உருவானது. 1956 பிப்ரவரிக் கடுங்குளிர் எஞ்சிய கொடிகளையும் கருக்கியபோது, மறுநடவு பெரும்பாலும் ஆற்றோர மேடைநிலங்களில் நடந்தது. மேட்டுநிலம் காட்டுக்குத் திரும்பியது. 1971-இல் கஹோர் ஒயினுக்கு அதிகாரபூர்வப் புவிசார் தகுதி கிடைத்தது.

சமையலறையிலும் உடல்நலத்திலும் ஏற்பட்ட முன்னேற்றத்தைப் பற்றி ஃபூரஸ்தியே சொல்வதை மறுக்க இடமில்லை. ஆனால் துவெலைப் பிரெஞ்சுக் கிராமம் அனைத்துக்கும் சான்றாக்குவது பொருந்தாது. கஹோர் அருகில் இருந்ததால், விவசாயத்தை விட்டவர்களும் ஊரிலேயே குடியிருந்து நகரத்தில் வேலை பார்க்க முடிந்தது. எல்லா ஊருக்கும் அந்த வாய்ப்பு அமையவில்லை: துவெலில் ஆட்கள் பெருகிய அதே முப்பதாண்டில் லொத் மாவட்ட மக்கள்தொகை மேலும் குறைந்து, 1975-இல் ஏறத்தாழ 1,51,000 ஆனது.