காளான் பாறையும் செவ்வாயின் காற்றும்

தொழில் நிமித்தம் ஹைதராபாத்தில் குடியேறிய தமிழன்பர்களுக்குக் கச்சிபௌலி என்றவுடன் அடுக்கு மாளிகைகளே நினைவுக்கு வரும். அவற்றுக்கப்பால், பல்கலைக்கழகத்தின் பக்கம், குடை விரித்தாற்போல் நிற்கும் 'காளான் பாறை'யைச் சிலரேனும் கண்டிருப்பீர்கள். பாலைவனத்தில் இவ்வுருவைக் காணின், மணல் சுமந்த காற்று அடிப்பாகத்தை அரித்தது என்பர். இங்கோ அது நீரின் வேலை. ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுடைய இக்கருங்கல்லின் வெடிப்புகளில் மழைநீர் இறங்கி, பெல்ஸ்பார் என்னும் கனிமத்தைக் களிமண்ணாக்கிற்று. மூலைகள் மழுங்கின, சூழ்ந்த மண் கரைந்தபின் உருண்டைகள் வெளிப்பட்டன. தரையை ஒட்டிய பாகத்தில் ஈரம் நெடுநாள் தங்குவதால் அதுவே முதலில் மெலிகிறது. இத்தகைய பாறைகள் பல சல்லிக்கல்லாகிவிட்டன. பல்கலைக்கழகத்தை ஒட்டிய 400 ஏக்கர் நிலத்தில் மரம் வெட்டுவதை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது.

அருகிருந்து தொட்டுப் பார்க்கும் கல்லிலேயே இத்தனை மயக்கமெனில், தொலைவிலுள்ள கிரகத்தை எங்ஙனம் படிப்பது? செவ்வாயின் கதை அதுதான். 1877இல் இத்தாலிய அறிஞர் ஸ்கியாபரெல்லி அதன்மீது கோடுகளைக் கண்டார். அமெரிக்கரான லோவல் அவை அறிவுடைய உயிர்கள் வெட்டிய கால்வாய்கள் என்றே வாதாடினார். பருவந்தோறும் மாறும் கருந்திட்டுகளைத் தாவரமெனக் கருதியோர், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இருந்தனர்.

1971 நவம்பரில் மாரினர் 9 என்னும் அமெரிக்க விண்கலம் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியபோது, கிரகம் முழுவதையும் புழுதிப் புயல் மூடியிருந்தது. அடுத்து வந்த இரு சோவியத் கலங்கள், முன்கூட்டி வகுத்த கட்டளையை மாற்ற இயலாமையால், பெரும்பாலும் புழுதியையே படம் பிடித்தன. மாரினரோ காத்திருந்தது. புழுதி அடங்க, முன்பு நான்கு கரும்புள்ளிகளாகத் தெரிந்தவை மாபெரும் எரிமலைகளின் உச்சிகள் எனப் புலனாயிற்று! பள்ளங்களின் பின்னே நீண்ட கறைகள் வாரக்கணக்கில் வடிவம் மாறின. வெளிறிய புழுதியைக் காற்று துடைத்தெடுத்த இடம் கறுத்தது. படிந்த இடம் வெளுத்தது. தாவரக் கொள்கை அத்துடன் ஒழிந்தது. அதே படங்களில் நீரோடி வறண்ட பள்ளத்தாக்குகளும் தெரிந்தன.

நம் தென்கோடித் தேரிக்காட்டில் ஆடிக்காற்று செம்மணலை உருட்டுவதைக் கண்டவர்களுக்கு இது வியப்பாகாது. ஆயினும் செவ்வாயின் காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே மணலைக் கிளப்ப அங்கே காற்று மிக விரைந்து வீசவேண்டும். 2014 செப்டம்பர் 24இல் செவ்வாயை அடைந்த நமது மங்கள்யான், சில நாள்களிலேயே அதன் வடபாதியில் எழுந்த புழுதிப் புயலைப் படமெடுத்தனுப்பியது.