விண்மீன் பொறித்த வண்டி

ஒரு பொருளின்மீது உலகம் வைத்திருக்கும் மதிப்பைத் தமிழர் ‘பெயர்’ என்னும் ஒரே சொல்லால் குறிப்பர். பெயர் எடுத்தல், பெயர் வாங்குதல், பெயரைக் காப்பாற்றுதல், பெயர் கெடுதல் என இச்சொல்லோடு சேர்ந்து வரும் வினைகளை எண்ணிப் பார்த்தால், பெயர் என்பது உழைத்துப் பெறவேண்டியது, பெற்றபின் இழக்கவும் கூடியது என்பது விளங்கும். வணிகச் சட்டங்களையும் ஒப்பந்தங்களையும் தமிழாக்கும் எம்மைப் போன்றோர் அதனை ‘நன்மதிப்பு’ என்று எழுதுகிறோம். கணக்கேட்டில் அதற்கு விலையும் போடுகிறார்கள். ஆயினும் ‘பெயர்’ என்னும் பழஞ்சொல்லில் உள்ள பொறுப்பு அந்தப் புதுச்சொல்லில் இல்லை.

ஜெர்மனி நாட்டு மோட்டார் நிறுவனம் ஒன்றின் பெயரை இங்கு நாம் ஆராய எடுத்துக்கொள்கிறோம். பென்ஸ் என்றால் நம் மக்களுக்குச் செல்வர் ஏறிச் செல்லும் கார்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் ஒரு தலைமுறைக்கு முன்னர், தமிழ்நாட்டிலும் சரி, தலைநகர் டில்லியிலும் சரி, பாமர மக்கள் அறிந்திருந்த பென்ஸ், நெல்லும் வெங்காயமும் ஏற்றிச் சென்ற லாரியே ஆகும். அந்த லாரியின் கதையில் நம் நாட்டின் கதையும் கலந்திருக்கிறது.

கார்ல் பென்ஸ் என்னும் பொறியியலறிஞர், மன்ஹைம் நகரில் தாம் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு 1886ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். அதே ஆண்டில், ஸ்டுட்கார்ட் அருகே கான்ஸ்டாட் என்னும் ஊரில் காட்லீப் டைம்லரும் அவருடைய துணைவர் வில்ஹெல்ம் மேபாக்கும் நான்கு சக்கரக் குதிரை வண்டி ஒன்றில் எஞ்சினைப் பொருத்தி ஓட்டினர். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் இடைவெளியில், ஒருவர் முயற்சியை மற்றவர் அறியாமலே இவ்விரு புதுமைகளும் தோன்றின.

புதுமை தோன்றினால் மட்டும் போதுமா? மக்கள் நம்பவேண்டுமன்றோ? அந்த நம்பிக்கையை முதன்முதலில் ஈட்டித் தந்தவர் ஒரு பெண்மணி. கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா, தம் திருமணத்துக்கு முன்னரே தம் பங்குச் சீர்ப்பணத்தைக் கொடுத்து அவருடைய தொழிலைக் காப்பாற்றியவர். 1888 ஆகஸ்டில் அவர் கணவரிடம் சொல்லாமலே தம் மைந்தர் இருவரையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஏறத்தாழ 106 கிலோமீட்டர் தொலைவிலுள்ள போர்ட்ஸ்ஹைமுக்கு அவ்வண்டியை ஓட்டிச் சென்றார். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் என்னும் ஊரின் மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். பிரேக் கட்டைகள் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரைக் கொண்டு தோல் பொருத்தச் செய்தார். மோட்டார் உலகின் முதல் நெடும்பயணம் இதுவே எனலாம். பென்ஸ் என்னும் பெயருக்கு விளம்பரம் தேடித் தந்தது ஒரு தாயின் துணிவாகும்.

மெர்சிடிஸ் என்னும் மற்றப் பெயரும் ஒரு பெண்ணுடையதே. டைம்லர் கம்பெனியின் வண்டிகளை வாங்கி விற்றுவந்த எமில் ஜெல்லினெக் என்னும் வணிகர், தம் சிறுமகள் மெர்சிடிஸின் பெயரைப் புதிய வண்டி ஒன்றுக்குச் சூட்டுவித்தார். அவ்வண்டி 1901இல் பிரான்ஸின் நீஸ் நகரப் பந்தயங்களில் வெற்றி பெற்றது. ஸ்பானிய மொழியில் ‘அருள்’ என்று பொருள்படும் அச்சொல், 1902இல் வணிகப் பெயராகப் பதிவாயிற்று. மூன்று முனை விண்மீன் 1909இல் சின்னமாகப் பதிவாயிற்று. நிலம், நீர், வான் ஆகிய மூன்றிலும் தம் எஞ்சின்கள் இயங்கவேண்டும் என்பது அதன் கருத்து. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் பணமதிப்பு சரிந்து தொழில்கள் நலிவுற்றபோது, போட்டியிட்டு வந்த இரு கம்பெனிகளும் ஒன்றாயின. 1926 ஜூன் 28ஆம் நாள் டைம்லர்-பென்ஸ் நிறுவனம் பிறந்தது.

லாரியின் கதைக்கு அடித்தளமான டீசல் எஞ்சினைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைப்பது மின்பொறி. டீசல் எஞ்சினிலோ காற்றை மிகுதியாக அழுத்தி, அவ்வழுத்தத்தால் எழும் வெப்பத்திலேயே எண்ணெயை எரியச் செய்கிறார்கள். அதனால் அதே அளவு எரிபொருளில் கூடுதலான தொலைவு செல்லமுடிகிறது. பென்ஸ் கம்பெனி 1920களில் டீசல் லாரியைச் செய்தது. 1936இல் டைம்லர்-பென்ஸ் டீசல் காரையும் தொழிற்சாலையில் தொகுதியாகச் செய்து விற்கத் தொடங்கியது. சிக்கனம், உறுதி, நீண்ட ஆயுள் ஆகிய மூன்றும் விண்மீனின் புகழாயின.

இப்புகழின்மேல் ஆழ்ந்த கறையும் உண்டு. நாஜி ஆட்சியில் இந்நிறுவனம் போர்க்கருவி உற்பத்தியில் பெரும்பங்கு கொண்டது. 1944இல் அதன் தொழிலாளருள் ஏறத்தாழப் பாதிப்பேர், பிடித்துக் கொண்டுவரப்பட்ட அயல்நாட்டவர், போர்க்கைதிகள், சித்திரவதை முகாம்களின் கைதிகள் ஆகியோரே ஆவர். கூலியின்றியும் உணவின்றியும் வாடிய அவர்கள் கைகளும் விண்மீன் பொறித்த எஞ்சின்களைச் செய்தன. நாற்பதாண்டுகள் கடந்தபின், 1988இல், நிறுவனம் 2 கோடி மார்க் தொகையை இதன் பொருட்டு வழங்கியது. இழந்த உயிர்களுக்கு அது ஈடாகுமா? ஈடாகாது. ஆயினும் ஒரு பெயரின் வரலாற்றை எழுதுவோர், பந்தய வெற்றிகளை எழுதிய அதே பக்கத்தில் இதனையும் எழுதுதல் கடமையாகும்.

போரில் குண்டுவீச்சுக்கு இரையான தொழிற்சாலைகளை மீண்டும் எழுப்பிக்கொண்டிருந்த அந்நிறுவனத்தை, புதிதாக விடுதலை பெற்ற இந்தியா நாடியது. அதற்கு வழிவகுத்த முடிவு டில்லியில் உருவாயிற்று. அதுவரை ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற அமெரிக்கக் கம்பெனிகள், கடல்கடந்து வந்த உறுப்புகளை இங்கே பூட்டி வண்டியாக்கி விற்றுவந்தன. பூட்டுவதற்கும் ஆக்குவதற்கும் வேறுபாடு உண்டு என்பதை அரசு உணர்ந்தது. இறக்குமதித் தீர்வைகளை ஆராய்ந்த தீர்வைக் கமிஷன் 1953இல் அறிக்கை தந்தது. உறுப்புகளைப் படிப்படியாக இந்நாட்டிலேயே செய்யும் திட்டம் உள்ள கம்பெனிகளுக்கே இங்கு இடம் உண்டு என்பது அதன் பயனாக எழுந்த கொள்கை. அமெரிக்கக் கம்பெனிகள் இரண்டும் கடையைக் கட்டின.

அவ்வேளையில் ஜாம்ஷெட்பூரில் டாட்டா நிறுவனத்தார் ரயில் எஞ்சின்கள் செய்துவந்தனர். 1945இல் தொடங்கிய அவர்களுடைய டெல்கோ கம்பெனி, 1954இல் டைம்லர்-பென்ஸுடன் பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. அவ்வாண்டு அக்டோபரிலேயே முதல் லாரி வெளிவந்தது. அதன் நெற்றியில் விண்மீன் ஒளிர்ந்தது. தமிழ்நாட்டில் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் ஆங்கில லேலண்டு கம்பெனியுடன் கைகோத்து அசோக் லேலண்டு என்று பெயர் மாறியது அடுத்த ஆண்டாகிய 1955இல். இந்தியச் சாலைகளின் இரு பெரும் லாரிகளும் ஏறக்குறைய உடன்பிறந்தவை எனலாம்.

பதினைந்து ஆண்டு என்பதைச் சற்றே கருதிப் பாருங்கள். குருகுலவாசம் போன்ற ஒரு கெடு அது. கெடு முடியும்போது மாணவன் தன் காலில் நிற்கவேண்டும், அல்லது மீண்டும் கையேந்த வேண்டும். இதனை நன்கறிந்தவர் டெல்கோவை நடத்திய சுமந்த் மூல்காவ்கர். வரைபடங்களை வாங்கி அப்படியே பின்பற்றுவதோடு அவர் நிற்கவில்லை. உறுப்புகளைச் செய்யும் பொறிகளையும், அப்பொறிகளுக்கு வேண்டிய அச்சுகளையும் கருவிகளையும் இங்கேயே செய்யவேண்டும் என்றார். தொழில் பயிலும் இளைஞருக்குப் பயிற்சிக்கூடம் கண்டார். 1960களின் பிற்பகுதியில் பூனாவில் கருவி செய்யும் பிரிவும் அமைந்தது. ஒரு மொழியை மொழிபெயர்ப்பில் மட்டும் அறிந்தவனுக்கும் அம்மொழியில் தானே எழுத வல்லவனுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

1969இல் ஒப்பந்தம் முடிந்தது. லாரிகளின் நெற்றியிலிருந்து விண்மீன் இறங்கிற்று. டாட்டாவின் எழுத்து ஏறிற்று. வண்டி அதுவே, கை அதுவே. பெயர் மட்டும் வேறு. ஓட்டுநரும் உரிமையாளரும் புதுப்பெயரை ஏற்றனர். சுமை ஏற்றிச் சோதித்தவர்களுக்குச் சின்னத்தைவிட அச்சாணி முக்கியமல்லவா? ஆயினும் நெடுங்காலம் நம் மக்கள் அதனை ‘டாட்டா பென்ஸ்’ என்றே அழைத்துவந்தார்கள். மாணவன் தேறிய பின்னும் ஊரார் ஆசிரியர் பெயரைச் சேர்த்துச் சொல்லும் வழக்கம் போன்றது அது. அந்த மாணவனே 1998 ஜனவரியில் டில்லி மோட்டார் கண்காட்சியில் இண்டிகா என்னும் சொந்தக் காரை நாட்டுக்குக் காட்டினான். 2008இல் ஆங்கிலேயரின் ஜாகுவார், லேண்டு ரோவர் ஆகிய கம்பெனிகளை விலைக்கு வாங்கினான்.

விண்மீன் 1990களில் கார் வடிவில் இந்தியாவுக்குத் திரும்பியது. 1994இல் மெர்சிடிஸ்-பென்ஸ் இந்தியக் கம்பெனி அமைந்தது. பூனாப் பகுதியில் கார்கள் உருவாயின. தாராளமயக் கொள்கையால் கையில் பணம் புரண்ட வகுப்பாருக்கு அது அந்தஸ்தின் அடையாளமாயிற்று. லாரியாக வந்து உழைப்பால் பெயர் எடுத்தது, காராக வந்து விலையால் பெயர் எடுத்தது. இவ்விரண்டும் ஒன்றல்ல.

இப்பெயர் டில்லியில் வேறு வகையில் சோதிக்கப்பட்டது. குளிர்காலத்தில் இத்தலைநகரின் காற்று எத்தகையது என்பதை இங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. உச்ச நீதிமன்றம் 1998இல் பிறப்பித்த ஆணையின்படி நகரப் பேருந்துகள் டீசலை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாறின. 2002 இறுதியில் அம்மாற்றம் நிறைவேறியது. 2015 டிசம்பரில் அதே மன்றம், 2,000 கன செண்டிமீட்டரும் அதற்கு மேலும் கொள்ளளவுள்ள எஞ்சின் பூட்டிய டீசல் கார்களைத் தலைநகர வட்டாரத்தில் பதிவுசெய்யத் தடை விதித்தது. அந்நாளில் மெர்சிடிஸ் கம்பெனி இந்தியாவில் விற்ற கார்களுள் பெரும்பகுதி டீசலில் ஓடியவை. ஆதலின் அடி வலுவாக விழுந்தது. கம்பெனி மன்றத்தை நாடிற்று. 2016 ஆகஸ்டில், விலையில் 1 விழுக்காட்டைச் சுற்றுச்சூழல் வரியாகக் கட்டவேண்டும் என்னும் நிபந்தனையோடு தடை நீங்கியது.

சிக்கனத்துக்காக உலகம் போற்றிய டீசலே புகைக்காகத் தூற்றப்பட்ட காலம் அது. அமெரிக்காவில் டைம்லர் கம்பெனியின் ஏறத்தாழ 2,50,000 டீசல் ஊர்திகளில், புகைச் சோதனையை ஏய்க்கும் ஏற்பாடு இருந்ததென அந்நாட்டு அரசு குற்றஞ்சாட்டியது. வழக்கைத் தீர்க்க 2020இல் ஏறக்குறைய 150 கோடி டாலர் செலுத்தக் கம்பெனி உடன்பட்டது. நூற்றாண்டுக்கு மேல் சேர்த்த பெயரும் நாள்தோறும் காக்கப்படவேண்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இனி நம் தாயகத்துக்கு வருவோம். காஞ்சிபுரம் மாவட்டத்து ஒரகடத்தில் 400 ஏக்கர் பரப்பில் டைம்லர் அமைத்த லாரித் தொழிற்சாலை 2012 ஏப்ரலில் திறக்கப்பெற்றது. முன்னாள் மாணவனாகிய டாட்டாவுடன் அதே சாலையில் போட்டியிட முன்னாள் ஆசிரியர் வந்து சேர்ந்தார். இம்முறை லாரிக்கு இட்ட பெயர் ‘பாரத்பென்ஸ்’. நெற்றியில் விண்மீன் இல்லை, தனிச்சின்னம் உண்டு. இங்கே உருவாகும் வண்டிகள் வெளிநாடுகளுக்கும் கப்பலேறுகின்றன. ஜெர்மானியர் பெயரும் நம் நாட்டின் பெயரும் ஒன்றாய் இணைந்த அந்தச் சொல்லை மெய்ப்பிக்கும் பொறுப்பு இப்போது தமிழ்நாட்டுத் தொழிலாளரின் கையில் இருக்கிறது.

ஆசாத்பூர் மண்டியிலோ, சஞ்சய் காந்தி போக்குவரத்து நகரிலோ ‘டி.என். 28’ என்று நாமக்கல் எண் தாங்கிய லாரி நிற்கக் கண்டால் நம்மவர் நெஞ்சு குளிரும். அடுத்த முறை அவ்வாறு காணும்போது, அதன் நெற்றியில் உள்ள பெயர் எதுவாயினும் சற்று நின்று நோக்குங்கள். மன்ஹைமில் துணிந்த ஒரு தாய், முகாம்களில் வதைபட்ட கைதிகள், ஜாம்ஷெட்பூரில் தொழில் கற்ற இளைஞர், இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் அதனை ஓட்டி வந்த நம்மூர் ஓட்டுநர் ஆகிய எல்லோருடைய உழைப்பும் அந்த வண்டிக்குள் இருக்கிறது. அயலாரிடம் கற்றதை வெட்கமின்றிக் கற்று, குறித்த காலத்துக்குள் சொந்தமாக்கிக்கொண்ட நாடு நம் நாடு. பிழைப்புத் தேடிப் பிற மாநிலம் வந்து, பிறமொழியும் பிறர் தொழிலும் பயின்று தம் பெயரை நிலைநாட்டிய தமிழருக்கு இக்கதை அயலார் கதையாகத் தோன்றாது.