காட்டிறைச்சியும் கடைவீதியும்



1660ஆம் ஆண்டிலே கொட்டியாரக் குடாவில் ரொபேர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கில இளைஞன், கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களிடம் சிறைப்பட்டான். கண்டிக்கு அணித்தேயுள்ள ஊர்களில் ஏறக்குறைய பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்து, 1679இல் தப்பியோடி, 1681இல் இலண்டனில் அவன் வெளியிட்ட நூலில் ஒரு சிறு செய்தி உண்டு. காட்டு வேடர் தமக்கு அம்பு வேண்டுமாயின், இரவிலே இறைச்சிச் சுமையைக் கொண்டுவந்து கொல்லனுடைய பட்டறையில் தொங்கவிடுவராம். வேண்டிய அம்பின் வடிவில் ஓர் இலையை வெட்டி அதன் அருகே தொங்கவிடுவராம். கொல்லன் அம்புகளைச் செய்து அதே இடத்தில் வைத்துவிட்டால் பின்னரும் இறைச்சி வரும். செய்யாது விட்டாலோ, என்றேனும் ஓர் இருட்டில் அவன்மேல் அம்பு பாயும்!

புறநானூற்றின் 33ஆம் பாட்டிலே கோவூர்கிழாரும் இதற்கு உறவான ஒரு காட்சியைக் காட்டுகின்றார். மானிறைச்சி கொண்டுவந்த வேட்டுவனின் கூடையை உழவர் வீட்டுப் பெண்கள் நெல்லால் நிரப்பி அனுப்புகின்றனர். ஆகவே, காட்டிறைச்சியைக் கொடுத்து வேறொன்று பெறுதல் நம் நிலத்துக்குப் புதிதன்று. அதனை இன்று சட்டம் ஏன் தடுக்கவேண்டும் என்று கேட்போர்க்கு இவ்விரு காட்சிகளும் நல்ல சான்றுகளே. ஆயின் ஒன்றை நோக்கவேண்டும். ஒரு வேடனுக்கு எத்தனை அம்பு வேண்டும்? ஒரு கூடையில் எவ்வளவு நெல் கொள்ளும்? அந்த வாணிகத்துக்கு அதன் தேவையே வேலியாக நின்றது.

அரசரும் தடை விதித்ததுண்டு. ஆமண்டகாமணி என்னும் மன்னன் உயிர்க்கொலையை இலங்கை முழுவதும் விலக்கினான் என்று மகாவம்சம் கூறும். கண்டியில் அரண்மனைக்குப் பின்னாலுள்ள உடவத்தகலைக் காடு, குடிமக்கள் புகலாகாத அரச காடாக இருந்தது. இன்றும் சருகுமான் உலவும் அந்தக் காடு நகரின் நடுவே எஞ்சியிருப்பதற்கு அப்பழைய தடையும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்டது. பின்னர் கோப்பித் தோட்டங்களுக்காக மலைக்காடுகள் வெட்டப்பட்டன. 1848ஆம் ஆண்டை இங்கே சற்று நின்று பார்த்தல் வேண்டும். அவ்வாண்டில் தேசாதிபதி டொறிங்டன் விதித்த புதிய வரிகளுள் துவக்கு ஒன்றுக்கு இரண்டரைச் சிலிங்கும் நாய் ஒன்றுக்கு ஒரு சிலிங்கும் அடங்கும். சேனையைக் காக்கும் உழவனுக்குத் துவக்கும் நாயும் ஆடம்பரமல்ல. யூலை மாதத்தில் மக்கள் கண்டிக் கச்சேரியின்முன் திரண்டனர். கலகம் மூண்டது. புரன் அப்பு ஆகஸ்டில் கண்டியிலே சுட்டுக்கொல்லப்பட்டான். அதே 1848இலேதான் சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலச் செல்வர் வேட்டைநாய்க் கூட்டத்தோடு நுவரெலியாவில் குடியேறி, மரைகளைத் துரத்திக் கத்தியாற் குத்திக் கொல்வதைப் பெரும் பொழுதுபோக்காகக் கொண்டார். அவருக்கு மூன்றாண்டுகள் முன்னர் அப்புத்தளையில் இடிவிழுந்து மாண்ட மேஜர் ரொஜர்ஸ் சுட்ட யானைகள் 1,400க்கு மேல் என்பர். துரை கொன்றால் விளையாட்டு, குடியானவன் கொன்றால் குற்றம் என்ற கசப்பு நம் வேட்டைச் சட்டங்களின் அடியில் அன்றே படிந்துவிட்டது. அதனை மறைத்துப் பேசுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது.

1867இல் புகையிரதம் கண்டியை அடைந்தது. 1872இல் வேட்டை விலங்குகளின் வீண் அழிவைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்தவர்களுட் பலர் தோட்டத் துரைமாரும் வேட்டைக்காரருமே. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், திருத்தங்களோடு இன்றும் வழக்கிலுள்ளது. மான், மரை இவற்றின் இறைச்சியை விற்பது குற்றம்.

சட்டம் செய்தோர் கைகள் தூயன அல்ல என்பதனால் சட்டமும் பிழையாகிவிடுமா? அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே வானத்தை மறைத்துப் பறந்த வழிப்போக்குப் புறாக்கள் கோடிக்கணக்கில், ஏன், நூற்றுக்கணக்கான கோடிகளில் இருந்தன. குடியேறியோர் தம் அடுப்புக்குச் சுட்டவரையில் அவை தாக்குப்பிடித்தன. பறவைக் கூட்டம் இறங்கிய இடத்தைத் தந்தி அறிவிக்க, கொன்ற புறாக்களைப் புகையிரதம் நகரச் சந்தைகளுக்குச் சுமக்கத் தொடங்கிய பின்னர் சில பத்தாண்டுகளே சென்றன. 1900இல் லேசி சட்டம் வந்தது, புறாவுக்குக் காலங்கடந்து. கடைசிப் புறா 1914 செப்தெம்பர் 1ஆந் திகதி சின்சினாற்றி விலங்குக்காட்சிச் சாலையில் இறந்தது.

ஸ்கொத்லாந்திலும் ஜேர்மனியிலும் மானிறைச்சி கடைகளில் விற்கப்படுகின்றதே என்பர். உண்மைதான். அங்கே விலங்கின் தொகையை மதிப்பிட்டு, இத்தனைதான் கொல்லலாம் என வரையறுத்து, உரிமம் பெற்றோரே சுடுகின்றனர். நம் நாட்டிலோ பெரும்பாலும் தொழில் செய்வது கம்பிச் சுருக்கு. சுருக்குக்குக் கண் இல்லை. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டமொன்றிலே சுருக்கில் அகப்பட்ட அரிய கருஞ்சிறுத்தை, மீட்கப்பட்டும் சில நாட்களில் இறந்துபோயிற்று. மேலும், வெட்டித் துண்டாக்கிய இறைச்சிக்கு முகம் இல்லை. வயலிற் செத்த பன்றியா, சரணாலயத்தில் மாண்ட மரையா என்பதைச் சந்தையில் எந்த அலுவலர் காண்பார்?

இதனாலேயே, வயலைக் காத்தல் வேறு, விற்றல் வேறு என்கிறேன். முன்னதில் உழவனுக்குத் துணை வேண்டும். 2025 மார்ச் 15ஆந் திகதி காலையில் குரங்கு, மயில் முதலியவற்றை நாடெங்கும் ஐந்து நிமிடம் எண்ணியதோடு அத்துணை நின்றுவிடலாகாது. பின்னதில் தடை நீடிக்கவேண்டும். அது விற்போனோடு வாங்குவோனையும் பற்றவேண்டும். தின்பார் இல்லையேல் விற்பாரும் இல்லை என்பது வள்ளுவர் புலால் மறுத்தலில் காட்டிய வழி.

என் பாடசாலை மாணவன் ஒருவன் முதற்பாடத்திலேயே உறங்கிவிடுவான். விசாரித்தேன். இரவெல்லாம் தகப்பனோடு வயற்குடிலிற் காவல். ஒருநாள் பன்றியொன்று அகப்பட்டதாம். அயலவர் நால்வர்க்குப் பகிர்ந்து கொடுத்தார்களாம். செய்தி எப்படியோ பட்டணத்துக்கு எட்டி, மறுகிழமை மோட்டார் வண்டியில் ஒருவர் வந்து, நல்ல விலை சொன்னாராம்.

"வேறென்ன கேட்டார்?" என்றேன்.

"கிழமைக்கு எத்தனை தரமுடியும் என்று கேட்டார், சேர்" என்றான் பையன்.