நீந்துவது யார்? பாலியூரித்தேன் நீச்சலுடைத் தடையின் நியாயம்

2008 ஜூனில் டோக்கியோவில் ஜப்பான் ஓப்பன் நீச்சல் போட்டி. ஜப்பான் நீச்சல் வீரர் கொசுகே கிதாஜிமா போட்டு வந்த டி-ஷர்ட்டில் ‘நீந்துவது நான்தான்’ என்ற பொருளில் ஒரு வாசகம். அந்தப் போட்டியிலேயே ஸ்பீடோ நிறுவனத்தின் எல்.இசட்.ஆர். ரேசர் உடையில் இறங்கி, 200 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கை 2:07.51-இல் முடித்து உலகச் சாதனை படைத்தார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் முழு விடையும் இல்லை.

உடை செய்ததைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். நீந்துபவர் களைத்ததும் முதலில் தளர்வது வயிறும் இடுப்பும்தான். இடுப்பு தாழ்ந்தால் தண்ணீரை எதிர்கொள்ளும் பரப்பு கூடும், வேகம் விழும். கடைசி 50 மீட்டரிலும் உடலைக் கிடையாக வைத்திருப்பது ஆண்டுக்கணக்கில் பழகி வரும் திறன். எல்.இசட்.ஆரின் பாலியூரித்தேன் பட்டைகள் உடலை இறுக்கி, சதையின் அதிர்வை அடக்கி, அந்த வேலையில் ஒரு பங்கைத் தாமே எடுத்துக்கொண்டன. தையலுக்குக்கூட நூல் இல்லை, மீயொலியால் ஒட்டியிருந்தார்கள். 2009-இல் வந்த முழுப் பாலியூரித்தேன் உடைகள் இன்னும் ஒரு படி மேலே போய் மிதப்பும் தந்தன. அவற்றுக்குள் நுழையவே அரை மணி நேரம் ஆனது, இழுத்துவிட ஆளும் தேவைப்பட்டது. அந்த ஆண்டு ரோம் உலகப் போட்டியில் ஒருவருக்கு, குதிக்கக் குனிந்தபோது உடையின் பின்புறம் கிழிந்தேபோனது.

தடையை ஆதரித்தவர்கள் பெரும்பாலும் இரண்டு வாதங்களை வைத்தார்கள். ஒன்று, இயற்கைத்தன்மை. இது நிற்காது. நீச்சல் கண்ணாடியும் அலையைக் கொல்லும் தடக் கயிறும் இயற்கையா? உடைக்குத் தடை வந்த அதே காலத்தில்தான், பின்காலை ஊன்றி உந்தச் சாய்வுப் பலகை கொண்ட தொடக்க மேடையும் அனுமதி பெற்றது. மற்றொன்று, விலை: வசதியுள்ளவருக்கே உடை கிட்டும் என்பது. 2009-இல் ரோம் உலகப் போட்டிக்குள் முன்னணி வீரர்களில் பெரும்பாலோருக்கு இத்தகைய உடை கிடைத்துவிட்டது. சிக்கல் தீர்ந்திருக்க வேண்டும். மாறாக, அங்கேதான் 43 உலகச் சாதனைகள் விழுந்தன.

என் பார்வையில் வலுவான காரணம் வேறு: உடை எல்லா உடலுக்கும் ஒரே அளவில் உதவவில்லை. சாய்வுப் பலகை எட்டுத் தடத்திலும் ஒன்றுதான். அதை உதைக்கும் கால் வீரருடையது. உடையோ, ஏற்கெனவே கிடையாக மிதப்பவருக்குக் குறைவாகவும் இடுப்பு தாழ்பவருக்கு அதிகமாகவும் கொடுக்கக்கூடியது. 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலைப் பாருங்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மைக்கேல் பெல்ப்ஸ் 1:42.96, ஐந்தாமிடத்தில் பால் பீடர்மான் 1:46.00. ஓராண்டு கழித்து ரோமில், அரினா எக்ஸ்-கிளைடு என்ற முழுப் பாலியூரித்தேன் உடையில் பீடர்மான் 1:42.00, பழைய எல்.இசட்.ஆரில் பெல்ப்ஸ் 1:43.22. துணி உடைக்குத் திரும்பிய பின் 2011-இல் ஷாங்காயில் பெல்ப்ஸ் 1:44.79, பீடர்மான் 1:44.88. பயிற்சி, உடல்நிலை எல்லாம் இதில் கலந்திருக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் ஓராண்டில் நான்கு விநாடி என்பது, இந்தத் தூரத்தில், பயிற்சி மட்டும் தரும் தொகையன்று. உடை தமக்கு உதவியதைப் பீடர்மானும் மறைக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், வேகத்துக்கோ மிதப்புக்கோ உதவும் சாதனம் கூடாது என்ற விதி உலக நீச்சல் அமைப்பான ஃபினாவிடம் முன்பே இருந்தது. இல்லாதது அளவுகோல். 2009 ஜூலையில் ரோமில் கூடிய பேரவை 168-க்கு 6 என்ற வாக்கில் துணிக்குத் திரும்ப முடிவெடுத்தது. 2010 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆண்களுக்கு இடுப்பிலிருந்து முழங்கால் வரை, பெண்களுக்குத் தோளிலிருந்து முழங்கால் வரை, தடிமன் 0.8 மில்லிமீட்டருக்குள். எண் வந்தபிறகுதான் விதிக்குப் பல் முளைத்தது.

ஆனால் ஃபினா தன் தர்க்கத்தைப் பாதியில் விட்டது. உடை தகாதது என்றவர்கள், அந்த உடையில் பிறந்த நேரங்களை எந்தக் குறியீடும் இன்றிப் பட்டியலில் வைத்துக்கொண்டார்கள். தனி வரிசையில் வைத்திருக்கலாம்; யாருடைய பதக்கமும் பறிபோயிருக்காது. அடுத்துவந்த தலைமுறை இதற்கு விலை கொடுத்தது. 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் சீசர் சியலோ ரோமில் பதித்த 46.91-ஐ, அதே குளத்தில் 17 வயது டேவிட் போபோவிச் 46.86-ஆகக் குறைத்தபோது ஆண்டு 2022. 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் பீடர்மானின் 3:40.07 விழ 2025 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 200 மீட்டரில் அவருடைய 1:42.00, அந்த ஆண்டு சிங்கப்பூரில் உலகப் போட்டி முடிந்த பிறகும் பட்டியலின் தலையில் அப்படியே இருந்தது.