காவல்காரனுக்குச் சாப்பாடு

புதியம்புத்தூர் என்றதும் ரெடிமேட் சட்டைதான் ஞாபகம் வரும், இல்லையா? ஆனால் தையல் மெஷின் சத்தம் ஓய்கிற இடத்தில் கரிசல் காடு ஆரம்பித்துவிடும். மழை பெய்த கார்த்திகையில் அந்தப் பக்கம் போனால், ஒரு பருத்தி இலையைத் திருப்பிப் பாருங்கள். நடு நரம்பில் சின்னதாக ஒரு குழி. அதில் தேன் சுரக்கும். பூவில் இல்லை சார், இலையில்!

யாருக்கு? எறும்புக்கு, குளவிக்கு, பொறிவண்டுக்கு. செடியைத் தின்ன வரும் புழு பூச்சிகளை வேட்டையாடுகிறவர்களுக்குச் செடி கொடுக்கும் சம்பளம். (நான் பி.காம். எனக்கு எல்லாமே சம்பளக் கணக்காகத்தான் தெரியும்.)

சம்பளம் போக போனஸும் உண்டு. அசுவினி செடியின் சாற்றை அளவில்லாமல் உறிஞ்சி, மிஞ்சின சர்க்கரையைச் சொட்டுச் சொட்டாக வெளியே தள்ளும். இந்தத் தேன்கழிவு பஞ்சில் ஒட்டினால் நூல் மில்லில் மெஷின் மக்கர் பண்ணும். ஆனால் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சிக்கு அதுதான் விருந்து. அதன் புழு அசுவினியைப் பிடித்துத் தின்னும். வளர்ந்த பூச்சியோ சுத்த சைவம். தேன், மகரந்தம், தேன்கழிவு, அவ்வளவுதான். அது வயிறாரச் சாப்பிட்டால்தான் முட்டை. முட்டை இருந்தால்தான் வேட்டைக்காரப் புழு.

பூச்சியைக் காவலுக்கு வைக்கிற யோசனை ரொம்பப் பழசு. கி.பி. 304-ல் ஜி ஹான் எழுதியதாகச் சொல்லப்படும் சீனத் தாவர நூலில், தென் சீனச் சந்தையில் எறும்புகளைக் கூட்டோடு பையில் போட்டு விற்ற கதை இருக்கிறது. ஆரஞ்சுத் தோப்புக்காரர்கள் வாங்கிப்போய் மரத்தில் கட்டுவார்கள். இந்த எறும்பு இல்லாவிட்டால் ஒரு பழம்கூட முழுசாகத் தேறாதாம். பிற்காலத்தில் அவை மரத்துக்கு மரம் போய்வர மூங்கில் பாலமும் போட்டுக் கொடுத்தார்கள். யாரென்று நினைக்கிறீர்கள்? நம்ம மாந்தோப்பில் கடித்துக் குதறுமே, அதே முசுறுதான்.

முசுறு யோக்கியமில்லை. செதில் பூச்சியையும் அசுவினியையும் மாடு மாதிரி மேய்த்துத் தேன்கழிவைக் கறந்து குடிக்கும். காவல்காரனே கொஞ்சம் களவுக்கு உடந்தை! சீனத் தோப்புக்காரர் அதைக் கண்டும் காணாமல் இருந்தார்.

நமக்கு அந்தப் பொறுமை இல்லை. 1980களில் பைரித்ராய்டு மருந்துகள் வந்தன. பருத்திக் காட்டில் காவல்காரர்களும் சேர்ந்து செத்தார்கள். ஆந்திராவில் முதலில் வெள்ளை ஈ பெருகியது. அப்புறம் மருந்துக்கு மசியாத காய்ப்புழு. 1987-88-ல் குண்டூர், பிரகாசம் மாவட்டங்களில் கடன்பட்ட பருத்தி விவசாயிகள் பலர் உயிரை விட்டார்கள்.

இப்போது பருத்தியோடு தட்டைப்பயறும் ஊடே போடுங்கள் என்கிறார்கள் வேளாண் அதிகாரிகள். தட்டைப்பயறில் அசுவினி கறுப்பாக அப்பும். அப்பட்டும். அதைத் தின்ன வரும் பொறிவண்டு அங்கேயே குட்டியும் குடும்பமுமாகப் பெருகி, பக்கத்துப் பருத்திக்கும் தாவும். ஆனால் பயறு முழுக்கக் கறுத்துக் கிடக்கிற அந்த ஒரு வாரம், மருந்துக்கடைப் பக்கம் போகாமல் கையைக் கட்டிக்கொண்டு வரப்பில் நிற்க, கடன் வாங்கி விதைத்தவருக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!